வீட்டுக்குள் கஞ்சாப் புகை: குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் காக்கும் வழிகள்

வீட்டில் ஒருவருக்குக் கஞ்சாப் பழக்கம் இருக்கிறது. அதே வீட்டில் கைக்குழந்தையோ, கருவுற்ற பெண்ணோ, இளைப்புள்ள முதியவரோ இருக்கிறார்கள். பழக்கத்தை விடச் சொல்லி அழுதும் சண்டையிட்டும் பலன் கிடைக்கவில்லை. அவர் விடும்வரை மற்றவர்களின் மூச்சுக்கு என்ன வழி என்ற கேள்வியோ அந்தச் சண்டைகளுக்கு நடுவே காணாமல் போய்விடுகிறது. பழக்கத்தை நிறுத்துவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். புகையை வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்துவதை இன்றே தொடங்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல், இரண்டாவதை முதலில் முடிப்பது எப்படி என்பதையே இங்கு எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் புகையால் அவதிப்படுபவர்களுக்கும், கஞ்சா அல்லாத பிற போதைப்பொருள்களின் புகைக்கு அஞ்சுபவர்களுக்கும் வேண்டியவை பின்னால் வருகின்றன.

புகையின் உண்மையான ஆபத்து

கஞ்சாப் புகையைப் பற்றி இரண்டு தவறான எண்ணங்கள் பரவலாக இருக்கின்றன. அது வெறும் இலை, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்பது ஒன்று. வாடை பட்டாலே போதை ஏறிவிடும் என்பது மற்றொன்று. எந்த இலையை எரித்தாலும் கார்பன் மோனாக்சைடும், நுரையீரலின் அடிவரை செல்லும் நுண்துகள்களும், புற்றுநோயைத் தூண்டும் சேர்மங்களும் வெளிவரும். 2008-இல் கனடாவின் சுகாதாரத் துறை ஆய்வாளர்கள் இரு புகைகளையும் அருகருகே வைத்து அளந்தபோது, கஞ்சாவை இழுக்கும்போது வரும் புகையில் அம்மோனியா, புகையிலைப் புகையில் இருப்பதைப் போல 20 மடங்கு வரையிலும், ஹைட்ரஜன் சயனைடு 3 முதல் 5 மடங்கு வரையிலும் இருந்தது. கலிஃபோர்னியா மாநிலம் 2009-இல் கஞ்சாப் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் அரசுப் பட்டியலில் சேர்த்தது. நம் ஊர்களில் பீடியிலோ சிகரெட்டிலோ உள்ள தூளைத் தட்டிவிட்டு, அதில் பாதியைக் கஞ்சாவோடு கலந்து மறுபடி அடைத்துப் புகைப்பவர்கள் பலர் என்பதால், அருகில் இருப்பவர் இரண்டு புகைகளையும் சேர்த்தே சுவாசிக்கிறார்.

இதயத்துக்கு என்ன ஆகிறது என்பதைச் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் 2016-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. சுற்றுப்புறக் கஞ்சாப் புகையை ஒரே ஒரு நிமிடம் சுவாசித்த எலிகளின் ரத்தக் குழாய்கள், தேவைக்கேற்ப விரியும் திறனை இழந்து, 90 நிமிடங்கள் கழிந்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. புகையிலைப் புகையைச் சுவாசித்த எலிகளோ சுமார் 30 நிமிடங்களில் தேறின. போதை தரும் டி.ஹெச்.சி. என்ற பொருள் இல்லாத கஞ்சாவின் புகையும் இதே பாதிப்பைத் தந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய செய்தி. எலிகளின் கணக்கை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும், மாரடைப்பு வந்து மீண்ட தாத்தா இருக்கும் வீட்டில் அந்த ஒரு நிமிடத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

போதை ஏறுமா என்ற கேள்விக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2015-இல் விடை கண்டது. புகைக்கும் ஆறு பேரையும் புகைக்காத ஆறு பேரையும் ஒரு சிறிய அறையில் ஒரு மணி நேரம் அமரவைத்துச் சோதித்தார்கள். காற்றோட்டம் அடைக்கப்பட்டிருந்தபோது, புகைக்காதவர்களின் ரத்தத்திலும் டி.ஹெச்.சி. தெரிந்தது, இதயத் துடிப்பு சற்றுக் கூடியது, கவனச் சோதனையில் லேசாகத் தடுமாறினார்கள். காற்றோட்டம் இருந்தபோது, பசியெடுத்ததைத் தவிர வேறு மாற்றம் எதையும் அவர்கள் சொல்லவில்லை. ஆகவே, தெருமுனையில் மூக்கில் பட்ட வாடைக்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டியதில்லை. ஜன்னல் சாத்திய படுக்கையறையும், ஏ.சி. ஓடும் காரும்தான் நாம் அஞ்ச வேண்டிய இடங்கள்.

பச்சிளம் குழந்தை நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை மூச்சு விடுகிறது. பெரியவர் 12 முதல் 20 முறை விடுகிறார். எடையோடு ஒப்பிட்டால் குழந்தை உள்வாங்கும் காற்று பெரியவரைவிட மிக அதிகம். அதன் மூச்சுக் குழாய்கள் குறுகியவை என்பதால் சிறு வீக்கமும் அடைப்பாகிவிடும். எழுந்து வேறு அறைக்குப் போகவும் அதனால் முடியாது. மாதம் ஒரு முறை நெபுலைசர் வைக்க மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் குடும்பம், வீட்டில் புகைப்பவர் இருப்பதை வெட்கத்தால் மருத்துவரிடம் மறைக்கும்போது, மருந்துச் சீட்டு நீள்கிறதே தவிர இளைப்பின் காரணம் வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

முதல் வேலை: புகைப்பவரிடம் பேசுதல்

வீட்டுக்குள் எங்கும், எப்போதும் பற்றவைக்கக் கூடாது என்ற ஒரே விதியை மட்டும் முதலில் கேட்டுப் பெறுங்கள். கழிவறை, பால்கனி, மாடிப்படி எல்லாமே வீட்டுக்குள் அடங்கும். கழிவறையில் புகைப்பதைப் பலர் பெரிய விட்டுக்கொடுத்தலாக நினைக்கிறார்கள்; ஆனால் அரை மணி கழித்துக் குழந்தையைக் குளிப்பாட்டுவது அதே ஜன்னலற்ற அறையில்தான். பால்கனிப் புகையோ காற்று திரும்பினால் கூடத்துக்கே வந்துவிடும்.

அவர் போதையில் இல்லாத நேரத்தில், காலையில், தனியாகப் பேசுவது நல்லது. மனைவி சொன்னால் சண்டையாகும் வீட்டில் அக்காவோ தாய்மாமனோ சொல்லட்டும். «தம்பி, நீ விடுறதப் பத்தி அப்புறம் பேசலாம். பாப்பாவுக்கு மூச்சு இளைக்குது. இன்னையிலேருந்து வீட்டுக்குள்ள, பாத்ரூம்ல, பால்கனியில எங்கயும் பத்த வைக்காத. வந்ததும் சட்டைய மாத்திட்டு, கை வாய் கழுவிட்டுப் பாப்பாவத் தூக்கு» என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய கணக்குகளைச் சேர்த்து எடுத்தால் இந்தச் சிறு உடன்பாடும் கைநழுவிப் போகும். வெளியே போய்ப் புகைக்கச் சொல்வது பழக்கத்தை ஏற்றுக்கொள்வது ஆகாதா என்று பெற்றோர் தயங்குவது எனக்குப் புரிகிறது; குழந்தையின் மூச்சை அந்தத் தயக்கத்துக்குப் பணயம் வைக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. பேசினால் அடி விழும் என்ற நிலை இருந்தால் தனியே பேச முயலாதீர்கள். பெண்களுக்கான 181 என்ற எண்ணை அழையுங்கள்.

சட்டை மாற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புகையின் எண்ணெய்ப் பசை போன்ற படிவு துணியிலும் தலைமுடியிலும் விரல்களிலும் தங்குகிறது. தோளில் சாய்ந்து உறங்கும் குழந்தையின் முகம் அந்தத் துணியின்மீதுதான் பதிகிறது. இதே காரணத்தால் தூளிச் சேலையைக் கவனியுங்கள். புகைபிடித்த அறையின் நடுவே நாள் முழுவதும் தொங்கும் பழைய பருத்திச் சேலை, திரைச்சீலையைப் போலவே படிவை வாங்கிக்கொள்ளும். குழந்தையோ அதற்குள் முகம் புதைத்து மணிக்கணக்கில் உறங்குகிறது. தூளியைப் புகை நுழையாத அறைக்கு மாற்றி, சேலையை இரண்டு மூன்று நாள்களுக்கு ஒரு முறை சோப்பில் துவைத்து வெயிலில் காயவையுங்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல், ஏனெனில் பெருக்கும்போது படிந்த தூசு மீண்டும் காற்றில் ஏறுகிறது. புகைத்த அறையின் திரைச்சீலை, தலையணை உறை, மெத்தை விரிப்பு ஆகியவற்றையும் ஒரு முறை முழுமையாகத் துவைத்தெடுங்கள்.

வாடையை மறைப்பது பாதுகாப்பு ஆகாது

விருந்தினர் வரும்போது வாடை தெரியாமலிருக்க ஊதுவத்தியும் சாம்பிராணியும் கொளுத்துவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. மூக்கு ஏமாறுகிறதே தவிர நுரையீரல் ஏமாறுவதில்லை. ஏற்கெனவே புகை நிறைந்த அறையில் இன்னொரு புகையைச் சேர்க்கிறோம். குளித்த குழந்தைக்குச் சாம்பிராணி காட்டும் பழக்கத்தையும், இளைப்புள்ள குழந்தை இருக்கும் வீடுகளில் விட்டுவிடுவதே நல்லது. கொசுவர்த்திச் சுருளின் கணக்கு பலருக்கு அதிர்ச்சி தரும்: ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியிடும் நுண்துகள்களின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடுவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. கொசுவலை போதும்.

ஏ.சி. பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. நம் வீடுகளில் உள்ள ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைக் குளிர்வித்துச் சுழற்றுகிறது. புகைத்த அறையில் கதவைச் சாத்தி ஏ.சி. போடுவது, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில் காற்றோட்டம் அடைக்கப்பட்ட அறையை வீட்டில் நாமே உருவாக்குவதாகும். புகை வந்துவிட்டால் எதிரெதிராக உள்ள இரண்டு ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியை வெளிப்புறம் நோக்கி வைத்து, குழந்தையை அந்த அறையிலிருந்து அகற்றுங்கள். ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் துகள்களைக் குறைக்கும். கார்பன் மோனாக்சைடை அது தொடாது. என்.95 முகக்கவசமும் வாயுக்களைத் தடுக்காது, கைக்குழந்தைக்கு அதை அணிவிக்கவும் கூடாது.

பக்கத்து வீட்டிலிருந்து வரும்போது

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் புகை பெரும்பாலும் வாசல் கதவின் அடி இடைவெளி வழியாகவும், கழிவறைகளை மேலும் கீழுமாக இணைக்கும் டக்ட் வழியாகவும் வருகிறது. வாடை வரும் நேரத்தில் ஒரு மெல்லிய டிஷ்யூத் தாளைக் கதவடியிலும், குழாய்கள் சுவரைத் துளைக்கும் இடங்களிலும், எக்ஸாஸ்ட் விசிறியின் முன்னும் பிடித்துப் பாருங்கள். தாள் உள்நோக்கி ஆடும் இடமே புகையின் வழி. குழாயைச் சுற்றியுள்ள பொத்தல்களை எம்-சீல் கொண்டு அடைக்கலாம். கதவடிக்கு ரப்பர் பட்டை பொருத்தலாம். ஓடாமல் நிற்கும் எக்ஸாஸ்ட் விசிறி சுவரில் விட்ட ஓட்டைக்குச் சமம். நிறுத்தியதும் தானாக மூடிக்கொள்ளும் இதழ்கள் கொண்ட விசிறியாக அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டாரிடம் பேச முடிந்தால், பொருளின் பெயரைச் சொல்லாமல், «உங்க வீட்டுப் புகை டக்ட் வழியா எங்க குழந்தை ரூமுக்கு வருது» என்று தொடங்குங்கள். குற்றச்சாட்டாகத் தொடங்கிய பேச்சில் புகை நின்றதை நான் கண்டதில்லை. பலனில்லை என்றால் நாள், நேரம், வந்த வழி ஆகியவற்றைக் குறித்துக் குடியிருப்போர் சங்கத்துக்கு எழுத்தில் கொடுங்கள். விற்பனை நடப்பதாகத் தெரிந்தால் நேரில் மோதாமல், தேசியப் போதைப்பொருள் உதவி எண்ணான 1933-க்குத் தெரிவிக்கலாம். வாடகைக்கு விட்ட உரிமையாளர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, தம் இடத்தில் அச்சட்டத்தின்கீழ் வரும் குற்றம் நடக்கத் தெரிந்தே இடம் கொடுப்பவரையும் தண்டனைக்கு உள்ளாக்குகிறது.

கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும்

கார்பன் மோனாக்சைடு தாயின் ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் கருவுக்குச் செல்லும் பிராணவாயு குறைகிறது, டி.ஹெச்.சி. நஞ்சுக்கொடியைக் கடந்து செல்லக்கூடியது. கருவுற்ற பெண் புகைக்கும் அறையிலிருந்து விலகியிருப்பதை, உடல்நலக் கடமையாகக் குடும்பம் முழுவதும் ஏற்க வேண்டும். அவள் எழுந்து போவதைக் கணவனுக்குச் செய்யும் அவமதிப்பாக மாமியார் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவளை எழுந்து போகச் செய்வதைவிட அவனை வெளியே அனுப்புவதுதான் முறை. பாலூட்டும் தாய் சுற்றுப்புறப் புகைக்கு அஞ்சித் தாய்ப்பாலை நிறுத்திவிடக் கூடாது. புகையைத்தான் நிறுத்த வேண்டும். தாயே கஞ்சா பயன்படுத்தினால் நிலைமை வேறு. கொழுப்பில் கரையும் டி.ஹெச்.சி. ஆறு நாள்கள் வரை தாய்ப்பாலில் காணப்பட்டிருக்கிறது என்பதால், அவர் தயங்காமல் மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். போதையில் இருப்பவரின் அருகில், ஒரே பாயில், கைக்குழந்தையைப் படுக்கவைக்காதீர்கள். அவர் புரண்டு படுத்தால் குழந்தை மூச்சுத் திணறுவதை உணரும் நிலையில் அவர் இருக்கமாட்டார்.

பிற போதைப்பொருள்களின் புகை

பிரவுன் சுகர் எனப்படும் ஹெராயினை அலுமினியத் தாளில் வைத்து அடியில் சூடேற்றி, சுருட்டிய தாளால் ஆவியை உறிஞ்சுவார்கள். கரிந்த கோடுகள் படிந்த தாள்களைக் குப்பையில் கண்டால் அது உங்களுக்கு அடையாளம். அந்த ஆவி பரவும் சிறு அறையில் குழந்தையை ஒரு நிமிடமும் விடக் கூடாது. கிராக் எனப்படும் கோக்கெய்ன் புகை நம் ஊரில் அரிது. ஆனால் 1989-இல் நியூயார்க் மருத்துவர்கள், பெரியவர்கள் புகைத்த அறையில் இருந்த நான்கு சிறு குழந்தைகள் மயக்கம், தள்ளாட்டம், வலிப்பு ஆகியவற்றோடு வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் நம்மவர்கள் ரயிலில் ஃபென்டனில் என்ற கடும் போதை தரும் வலிநிவாரணியின் புகையைச் சுவாசித்துவிட்டோமோ என்று அஞ்சுகிறார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2023-இல் சியாட்டில், போர்ட்லாந்து பகுதிகளின் 11 பேருந்துகளிலும் 19 ரயில் பெட்டிகளிலும் மாதிரிகள் எடுத்தபோது, காற்று மாதிரிகள் அனைத்திலும் மெத்தபெட்டமைன் என்ற ஊக்கப் போதைப்பொருளும், நான்கில் ஒன்றில் ஃபென்டனிலும் கிடைத்தன. ஆனால் பெரும்பாலும் மிக நுண்ணிய அளவில். ஆய்வாளர்கள் சொன்ன தீர்வு, சிறந்த வடிகட்டிகளும் கூடுதல் துப்புரவும். பயணி செய்ய வேண்டியது அடுத்த பெட்டிக்கு மாறுவது மட்டுமே. நியூசிலாந்தில், மெத்தபெட்டமைன் புகைத்த வீடுகளின் சுவர்ப் படிவுக்கு அஞ்சி அரசு வீடுகளிலிருந்து குடும்பங்களை வெளியேற்றினார்கள். பிரதமரின் தலைமை அறிவியல் ஆலோசகர் 2018-இல், புகைத்ததால் மட்டும் படிந்த எச்சம் பிறருக்கு நோய் தந்ததற்குச் சான்று இல்லை என்று அறிக்கை அளித்தார். பொருளைத் தயாரித்த வீட்டின் நச்சும் புகைத்த வீட்டின் படிவும் ஒன்றல்ல.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்

குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்ற எண்ணிக்கையோ அதற்கு மேலோ இருந்தால் அது வேக மூச்சு; மருத்துவரிடம் செல்ல வேண்டும். மார்பின் அடிப்பகுதி உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ தாமதம் கூடாது.

புகையைவிடவும் விரைவாகக் குழந்தையை வீழ்த்துவது தரையில் சிந்திய கஞ்சாப் பொட்டலமும் மிச்சத் துண்டும்தான், ஏனெனில் தவழும் குழந்தை கையில் கிடைப்பதை வாயில் போடும். திடீரென எழுப்ப முடியாத தூக்கம், துவண்ட கை கால், நடக்கத் தெரிந்த குழந்தையின் தள்ளாட்டம், மெதுவான மூச்சு, வலிப்பு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் 108-ஐ அழையுங்கள். வாயில் தெரியும் துண்டை மட்டும் எடுத்துவிட்டு, ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். மருத்துவர் கேட்கும் முன்பே நடந்ததைச் சொல்லுங்கள். மறைத்தால், தேவையற்ற சோதனைகளில் பொன்னான நேரம் போய்விடும்.

வேலைக்கான சிறுநீர்ச் சோதனையில் சிக்குவோமோ என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். சிறுநீரில் கஞ்சாவின் எச்சத்துக்கு வழக்கமான வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். மேலே சொன்ன ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில் அடைத்த அறையில் இருந்தவர்களிலும் மிகச் சிலரே, அதுவும் முதல் சில மணி நேரத்தில், அதைத் தொட்டார்கள். காற்றோட்டமான இடத்துப் புகையால் அந்த வரம்பைத் தாண்டுவது நடக்காத ஒன்று.

சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும்போது

வழக்குப் பாயும் என்ற அச்சத்தால் பல குடும்பங்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றன. மேலே சொன்ன போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவில் வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சையை முழுமையாகப் பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம். 14446 என்ற இலவச எண்ணை அழைத்தால் அருகிலுள்ள மையத்தைச் சொல்வார்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும், சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் இதற்குச் சிகிச்சை உண்டு.

நிறுத்திய முதல் வாரத்தில் தூக்கமின்மையும் எரிச்சலும் பசியின்மையும் கடுமையாக இருக்கும். பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தணியும். இரவில் உறக்கம் வராமல் எழுந்து கழிவறைக்குள் பற்றவைக்கும் வாய்ப்பு மிகுந்த காலமும் இதுவே. ஆகவே அந்த நாள்களுக்கு முன்பே குழந்தையின் தூளியையும் தாயின் படுக்கையையும் பாட்டியின் அறைக்கு மாற்றி, கழிவறைக் கதவை எப்போதும் சாத்தி வைத்து, இரவில் அவரோடு விழித்திருக்க அண்ணனையோ நண்பரையோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.